ஈ இல்ல, கைதட்டு

என்ன மாப்ளை வீட்டுக்காரவுகளே, குசுகுசுன்னு என்னமோ பேசிக்கிடுதிக? சத்தமாவே கேளுங்க. என் காது இன்னும் நல்லாத்தான் இருக்கு. "என்ன ஊருய்யா இது, எழவு வீட்டுல கைதட்டுதானுக"ன்னுதான பேசிக்கிட்டிக? அது மட்டுமா, பாடைய தூக்குற நேரத்துல ஒரு கெழவன் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு "ஈ இல்ல, ஈ இல்ல"ன்னு கத்துனானே, அவனுக்கு என்ன கிறுக்கான்னும் கேட்டிக. அந்தக் கெழவன் நாந்தான். செத்துப்போனவன் என் கூடப்பொறந்த தம்பி, சுவத்துல எழுத்து எழுதுற வேலைக்காரன். கிறுக்கு எனக்கு இல்ல. உக்காருங்க. கடுங்காப்பி வாரதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

அப்ப இந்த ரோடு இல்லையாம், கரண்டு இல்லையாம், மணி பாக்கணும்னா நெழலைத்தான் பாக்கணுமாம். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இதே மேலக்கரட்டுப்பட்டியில சீனித்தாய்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். பேருதான் சீனி. அவ பொழப்புல சீனியும் இல்ல, வெல்லமும் இல்ல. கேட்டுக்கிடுங்க.

சின்ன வயசுல அம்மை போட்டு மூஞ்செல்லாம் தழும்பாம். ஆனா அவ குரல் இருக்கே, கரட்டு மேல நின்னு ஆட்டக் கூப்பிட்டான்னா அடுத்த ஊரு ஆடும் திரும்பிப் பாக்குமாம். அப்படி ஒரு குரல். அவளுக்குப் பதினாறு வயசு நடக்கையில கோயில் பொங்கலுக்கு நாடகம் போட மதுரையில இருந்து ஒரு செட்டு வந்துதாம். அதுல ஆர்மோனியம் வாசிக்கிறவரு பேரு சிங்காரம். மறுநா காலையில கெணத்தடியில குளிக்கப் போனவரு, இவ தண்ணி எறைச்சிக்கிட்டே நாடகத்துப் பாட்டு அம்புட்டையும் ஒண்ணு விடாமப் பாடுறதக் கேட்டாராம். ஒருநா கேட்ட பாட்டு. அம்புட்டும் சுத்தமா.

"ஏ பிள்ளை, இந்தக் குரல ஆட்டுக்குட்டிக்கா செலவழிக்க? மதுரைக்கு வா. ஒன்னைய ஸ்திரீபார்ட்டா நிறுத்துதேன். ராணி வேசம். நீ வாயத் தொறந்தா சனம் கைதட்டும். ஒன்ஸ்மோர்னு கத்தும்."

"நேத்து ராஜா வேசக்காரருக்குத் தட்டுனாகளே, அப்படியா?"

"அதவிட ரெண்டு பங்கு."

அம்புட்டுத்தான். அது காதுல விழுந்துருச்சு. ஆத்தா அழுதா, அய்யன் அடிச்சான், ஒண்ணும் நடக்கல. மூணாம் நாளு தகரப்பெட்டியத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டாளாம். ஊர் எல்லைக்கல்லுகிட்ட அவ தாய்மாமன் மகன் குருவையா நிக்கான். அவளக் கட்டிக்கிற முறைப் பையன். இந்தக் குருவையா யாருன்னா, எங்க தாத்தா. எங்க அய்யாவப் பெத்தவரு. ஞாபகம் வச்சுக்கிடுங்க, கதையே அவருகிட்டதான் வந்து நிக்கப்போவுது.

"ஏளா சீனி, போனா திரும்பி எப்ப வருவ?"ன்னு கேட்டாராம்.

அவ எல்லைக்கல்லுல கைய வச்சுச் சொன்னாளாம்: "மச்சான், இந்த ஊரு மொத்தமும் எனக்கு ஒருநா கைதட்டும். அந்தச் சத்தத்த என் காதால கேட்டுட்டுத்தான் நான் கண்ண மூடுவேன்."

சொல்லிட்டுப் போயிட்டா. ஆச்சா?

மதுரையில என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. அதுதான் நடந்துச்சு. பவுடருக்கு மேல பவுடரா அப்பிப் பாத்தாகளாம். தழும்பு குழி குழியாத் தெரியுதுன்னு ராணி வேசம் இல்லைன்னுட்டாக. தோழி வேசம் குடுத்தாக. ராணிக்குப் பக்கத்துல நிக்கணும், விசிறி வீசணும். ஒரே ஒரு வரி பேசணும். "தேவி, மகாராஜா வந்துகொண்டிருக்கிறார்!" அம்புட்டுத்தான் வசனம். பாட்டு கெடையாது.

அந்த ஒத்த வரிய அவ எப்படியெல்லாம் சொல்லுவாளாம் தெரியுமா? ஒருநா பயந்தாப்புல, ஒருநா வெக்கப்பட்டாப்புல, ஒருநா ராஜாவ அவளே பாத்து மயங்குனாப்புல. சொல்லி முடிச்ச ஒடனே கைதட்டு படபடன்னு விழுமாம். யாருக்கு? அவளுக்கா? அவ பின்னால வந்து நிக்கானே ராஜபார்ட்டு, அவனுக்கு. அவ கூப்பிட்டுக் குடுத்த ராஜாவுக்கு. பதினாலு வருசம் இப்படி. வருசா வருசம் சிங்காரத்துகிட்டக் கேப்பாளாம், "அண்ணே, எனக்கு ராணி வேசம்?" அவரு ஆர்மோனியத்துப் பெட்டிய மூடிக்கிட்டே சொல்லுவாராம், "அடுத்த சீசன் பாப்பம்." பதினாலு அடுத்த சீசன்.

பதினஞ்சாம் வருசம் ஒரு புதுப்பிள்ளையக் கூட்டியாந்து நிறுத்துனாகளாம். "சீனித்தாயி, ஒனக்கு வயசாகிப்போச்சு. இந்தப் பிள்ளைக்குத் தோழி வசனத்தச் சொல்லிக் குடு." இருந்த ஒத்த வரியையும் பிடுங்கிட்டாக. அவ ஒண்ணும் சண்டை போடல. அந்தப் பிள்ளைக்கு ஒரு நா பூராம் நிறுத்தி, எந்த எடத்துல மூச்சு விடணும்ங்கிறது மொதக்கொண்டு சொல்லிக் குடுத்துட்டு, தகரப்பெட்டியத் தூக்கிட்டு நடந்து வந்துட்டாளாம்.

நல்ல உச்சி வெயில். ஊருக்குள்ள அவ நொழையுதா. ஊரே சிரிக்கும், கேலி பேசும்னு நெனச்சு வாயில பதில் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தாளாம். ஒருத்தி கேட்டாளாம், "எப்ப தாயி வந்த?" "இப்பத்தான்." "வெயிலுல்ல, உள்ள போ." அம்புட்டுத்தான். கேலி பேசக்கூட யாருக்கும் அவ ஞாபகம் இல்ல. தயார் பண்ணி வச்ச பதில் ஒண்ணுக்கும் வேலை இல்லாமப் போச்சாம்.

ஆத்தா அய்யன் போயிச் சேந்தாச்சு. குருவையாவுக்குக் கல்யாணமாகி மூணு பிள்ளை. இவ பருத்திக்காட்டுக்கு வேலைக்குப் போனா. ஆனா ஒண்ணு செய்வாளாம். தெனம் காலையில காட்டுக்குப் போற வழியில எல்லைக்கல்லு மேல ஏறி நின்னு, கரட்டப் பாத்துக் கத்துவாளாம். "தேவி, மகாராஜா வந்துகொண்டிருக்கிறார்!" கத்திட்டு ஒரு நிமிசம் நிப்பாளாம். ராஜா வரமாட்டான். எறங்கிப் போயிப் பருத்தி எடுப்பா. ஏன் தாயி இப்படிக் கத்துதன்னு கேட்டா, "குரல் இருக்கான்னு பாக்கேன். இருந்தா வேலைக்குப் போவேன். இல்லைன்னா படுத்துக்கிடுவேன்"பாளாம். கத்தாத நாளும் உண்டாம். அந்த நாளு வீட்டுக் கதவு தெறக்காதாம். மறுநா மறுபடியும் கல்லு மேல நிப்பாளாம். இப்பவும் அந்தக் கல்லுக்குத் தோழிக்கல்லுன்னுதான் பேரு. வாரப்ப பஸ்ஸ விட்டு எறங்குனிகள்ல, அந்த எடம்தான்.

அவ திரும்பி வந்த வருசமே ஊர்ப் பெரியாளு ராமசுப்புவோட ஆத்தா செத்துப்போனாளாம். ஒப்பாரி வைக்கப் பொம்பளைக இருந்தாக. ரெண்டு நாளு அழுது தொண்டை கட்டிப்போச்சு. "நாடகத்துல பாடுனவ ஒருத்தி இருக்காள்ல, கூப்பிடு"ன்னாகளாம். போயிக் கூப்பிட்டா, "நான் மேடைக்காரி. பொணத்துக்குப் பாடமாட்டேன்"னு சொல்லிட்டா. சொன்னவ, அன்னைக்குச் சாயந்தரம் தானா எந்திரிச்சு வந்தாளாம். பாடணும்னு தொண்டை அரிக்குது, வேற மேடை ஏது?

வந்து பாடுனா. முடிச்சுட்டு எந்திரிக்கையில சொன்னாளாம், "பதினாலு வருசத்துல பாதியில எந்திரிச்சுப் போகாமக் கேட்டது இந்தக் கெழவி ஒருத்திதான்."

அதுக்கப்புறம் எந்த வீட்டுல எழவு விழுந்தாலும் சீனித்தாயிதான். மத்த பொம்பளைக பாடுறது எப்படி? பாடையத் தேருன்னும் மஞ்சம்னும் சொல்லி எல்லாருக்கும் ஒரே பாட்டு. இவ அப்படி இல்ல. எழவு வீட்டுக்குப் போன ஒடனே அழமாட்டாளாம். அடுப்படியில போயி உக்காந்து விசாரிப்பாளாம். "இவரு கோவம் வந்தா என்ன சொல்லி வைவாரு? எந்தக் கொழம்பு பிடிக்கும்? யாரோட பேச்சு வார்த்தை இல்ல?" எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்து பாடுவாளாம். ஒருத்தருக்குப் பாடுன பாட்ட இன்னொருத்தருக்குப் பாடுனது கெடையாது. ஒரு தடவை பாடுனா அதோட சரி, அந்தப் பாட்டும் அந்த ஆளோட குழிக்குள்ள போயிரும். ஆனா என்ன பாடி என்ன? எழவு வீட்டுல எவன் கைதட்டுவான்? அவளுக்குத் தெரியாதா? தெரியும். கைதட்டே விழாத ஒரே எடம் பாத்துத் தலையெழுத்து அவளக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கு.

இங்கதான் எங்க தாத்தா வாராரு. கவனமாக் கேளுங்க.

கெழக்குத் தெருவுல ரெண்டு அண்ணந்தம்பி. வரப்புத் தகராறு, இருவது வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல. அண்ணன்காரன் செத்துப்போனான். தம்பி பேருக்கு வந்து பந்தலுக்கு வெளிய, மூஞ்சத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கான். ஊரே கூடியிருக்கு. சீனித்தாயி அடுப்படியில இருந்து எந்திரிச்சு வந்தா. பொணத்தப் பாக்கல. தம்பிகாரனப் பாத்துப் பாடுனாளாம்.

வரப்பு வெட்டிப் பிரிச்சிகளே – நீங்க
வாய்க்கா வெட்டிப் பிரிச்சிகளே
ஆத்தா குடுத்த பாலுக்கு – எந்த
அளவுக் கல்லு நட்டிகளோ

அப்புறம் குரல மாத்துனாளாம். ஆம்பளைக் குரலு. செத்துக் கெடக்கான்ல, அவனே பேசுறாப்புல.

இருவது வருசம் பேசலையே – என் தம்பி
இன்னைக்கு வந்தும் பேசலையே
சண்டை போடவாச்சும் கூப்பிடுடா – அண்ணன்
எந்திரிச்சு வந்திருவேன்

யாத்தே! தம்பிகாரன் "அண்ணே"ன்னு ஒரு அலறு அலறிப் பந்தக்காலக் கட்டிக்கிட்டு விழுந்தானாம். பொம்பளைக அழுகைய நிறுத்திட்டாகளாம். அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில, எங்க தாத்தா குருவையா இருக்காருல்ல, அவரு கை ரெண்டும் தானா மேல எந்திரிச்சுச்சாம். தட்டத்தான். வேற எதுக்கு? ரெண்டு கையும் நெஞ்சுக்கு நேரா வந்துருச்சு. தட்ட வேண்டியதுதான் பாக்கி. பக்கத்துல உக்காந்திருந்த ராமசுப்பு மணிக்கட்ட எட்டிப் பிடிச்சாராம். "எலேய், எழவு வீட்டுல என்னலே பண்ணுத?" கை எறங்கிருச்சு.

சீனித்தாயி அதப் பாத்துட்டா.

மறுநா எங்க தாத்தா களத்துல கம்பு அடிச்சிக்கிட்டு இருக்காரு. பொண்டாட்டி பக்கத்துல தூத்திக்கிட்டு நிக்கா. சீனித்தாயி வந்து நின்னாளாம்.

"மச்சான், ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். நேத்துக் கையத் தூக்குனியே, அது எதுக்கு?"

எங்க தாத்தா பொண்டாட்டியப் பாத்தாராம். பொண்டாட்டி மொறத்த நிறுத்திட்டு இவரப் பாத்தாளாம். முறைப்பொண்ணு வேற. தட்டத்தான் தூக்குனேன்னு சொன்னா, வீட்டுலயும் கெட்ட பேரு, ஊர்லயும் கெட்ட பேரு. மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா?

"அது... ஈ மொய்ச்சுது சீனி. ஈ ஓட்டுனேன்."

அவ கேட்டாளாம், "ரெண்டு கையாலயுமா மச்சான் ஈ ஓட்டுவாக?"

எங்க தாத்தா குனிஞ்சு கம்பு அடிக்க ஆரம்பிச்சிட்டாரு. "சரி மச்சான்"னு சொல்லிட்டுப் போயிட்டாளாம்.

எங்க தாத்தாங்கிறதுக்காக நான் மழுப்பமாட்டேன். கோழை. ஒரு வார்த்தை. வாயில இருந்து விழுந்தாப் போதும், ஒரு உசுரு நெறைஞ்சிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு இல்லாத வாயி.

சரி, அதோட அவ விட்டாளா? விடல. அதுக்கப்புறம் இருவது வருசம் பாடுனாளாம். அந்தத் தூக்குன ரெண்டு கையத்தான் மனசுல வச்சுக்கிட்டுப் பாடுனா. ஒவ்வொரு எழவுலயும் கடைசி வரிய முடிச்சுட்டுத் தலையத் திருப்பி எங்க தாத்தா கையப் பாப்பாளாம். இவரு என்ன செய்வாரு? தோள்ல கெடக்குற துண்ட எடுத்து ரெண்டு கையாலயும் முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாராம். கை சும்மா இருந்தா எந்திரிச்சிருமோன்னு பயம். ஒருத்தி கேட்டாளாம், "ஏன் மதினி இப்படி உசுரக் குடுத்துப் பாடுத? செத்தவனுக்கு என்ன தெரியவா போகுது?" அதுக்கு இவ, "ஈ ஓட்டுறதுக்காவது ஒருத்தன் கையத் தூக்குவாம்ல"ன்னாளாம். சொல்லிட்டுச் சிரிச்சாளாம். அந்தச் சிரிப்பக் கேட்டவுகளுக்கு அன்னைக்குச் சோறு எறங்கலையாம்.

வயசாச்சு. தொண்டையில புண்ணு வந்துச்சு. படுத்துட்டா. ஒருநா மத்தியானம் ஆளு அனுப்புனாளாம், குருவையா மச்சானப் பாக்கணும்னு. இவரு போனாரு. குடிசைக்குள்ள நாலஞ்சு பொம்பளைக உக்காந்திருக்காக. குரல் சுத்தமாப் போச்சு, காத்துதான் வருது. எங்க தாத்தா காதக் கொண்டுபோயிக் குடுத்தாராம்.

"மச்சான், இப்பவாச்சும் சொல்லு. ஈயா? தட்டா?"

அப்ப ராமசுப்பு செத்து எட்டு வருசம். மணிக்கட்டப் பிடிக்க ஆளு இல்ல. ஆனாலும் அந்தப் பொம்பளைக எல்லாம் இவரு வாயவே பாக்காகளாம். இருவது வருசப் பொய்ய இத்தன பேருக்கு முன்னால எப்படி அவுக்க? நாளைக்குத் தனியா வந்து சொல்லிக்கிடலாம்னு நெனச்சாராம்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு சீனி? நீ தூங்கு."

அவ சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாளாம். அந்த நாளைக்கு வரல. விடியறதுக்குள்ள போயிட்டா.

குளிப்பாட்டி, கோடித்துணி போத்தி, பாடையில வச்சாச்சு. ஊரே நிக்குது. ஊருக்கெல்லாம் பாடுனவளுக்குப் பாட ஆளு இல்ல. பொம்பளைக வாயத் தொறந்தாகளாம். அதே தேரு, அதே மஞ்சம். அவளுக்கு முன்னால அதப் பாட நாக்கு கூசிப்போயி நிறுத்திட்டாகளாம். ஒரு சத்தம் இல்ல. பாடைய தூக்கப்போறாக.

எங்க தாத்தா கையில இருந்த துண்டக் கீழ போட்டாராம். ரெண்டு கையையும் தூக்குனாராம்.

"ஈ இல்ல சீனி! ஈ இல்ல! தட்டத்தான் தூக்குனேன்! தட்டத்தான் தூக்குனேன்!"

சொல்லிட்டுத் தட்டுனாரு. ஒத்தை ஆளு. எழவு வீட்டுல. பெரியாளுக எல்லாம் "ஏய் குருவையா, பித்துப் பிடிச்சிருச்சா"ன்னு அதட்டுதாக. இவரு நிறுத்தல. அழுதுக்கிட்டே தட்டுதாரு. அப்ப கெழக்குத் தெரு தம்பிகாரன் எந்திரிச்சு வந்து பக்கத்துல நின்னு தட்டுனானாம். அப்புறம் ஒரு பொம்பளை. அப்புறம் ஒருத்தன். அப்புறம் ஊரே. கரட்டுப் பாறையில போயி மோதித் திரும்பி வந்துச்சாம் அந்தச் சத்தம். மதுரையில எந்த ராஜபார்ட்டுக்கும் அப்படி விழுந்திருக்காது.

தட்டிக்கிட்டே எங்க தாத்தா குனிஞ்சு அவ மூஞ்சப் பாத்தாராம். மூக்குலயும் காதுலயும் பஞ்சு. பொணத்துக்கு வைக்கிறது வழக்கந்தான. இந்தக் காட்டுப் பஞ்சு. அவ கையால எடுத்த பருத்தியாக்கூட இருக்கும். காத அடைச்சு வச்சிருக்கு. மனுசன் வெறிபிடிச்சாப்புல அந்தப் பஞ்சப் பிடுங்கி எறிஞ்சுட்டு, காதுகிட்டக் கையக் கொண்டுபோயி மறுபடியும் தட்டுனாராம். உள்ளங்கை வெடிச்சு ரெத்தம் வந்துச்சாம். பிடிச்சு இழுத்துத்தான் நிறுத்துனாகளாம்.

அன்னையில இருந்து இந்த ஊர்ல யாரு செத்தாலும் காதுல பஞ்சு வைக்கிறதில்ல. மூக்குக்கு மட்டுந்தான். பாடைய தூக்குறதுக்கு முன்னால எங்க வீட்டு ஆம்பளை ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கி "ஈ இல்ல"ன்னு கத்தணும். அப்புறம் ஊரு தட்டணும். தாத்தா கத்துனாரு, எங்க அய்யா கத்துனாரு, இப்ப நாப்பது வருசமா நான் கத்துதேன். நல்லவனுக்கும் தட்டுதோம், பொண்டாட்டிய அடிச்சவனுக்கும் தட்டுதோம். சம்பிரதாயம் ஆயிப்போச்சுல்ல.

நல்ல வழக்கம்ங்கிதிக, என்ன? தலைய ஆட்டாதிக. இதுல ஒரு விசம் இருக்கு. எப்படியும் கடைசியில தட்டத்தான போறோம்னு ஆயிப்போச்சு. அதனால இந்த ஊர்ல உசுரோட இருக்கவனுக்கு எவனும் தட்டுறதில்ல.

என் தம்பி மெட்ராசுக்குப் போயி சினிமாவுக்குப் படம் வரையணும்னு இருந்தவன். போனான், நாலு வருசத்துல திரும்பி வந்தான். அப்புறம் அம்பது வருசம் இந்தச் சுத்துப்பட்டிச் சுவத்துல எல்லாம் அவன் எழுத்துதான். உரக்கடை, டீக்கடை, ஓட்டுப் போடுங்க, எல்லாம். எதிர்ச்சுவத்தப் பாருங்க, போன மாசம் எழுதுனது. எழுபது வயசுல ஏணியில ஏறி எழுதுனான். எறங்கி வந்து எம்பக்கத்துல நின்னு, "அண்ணே, எப்படி வந்திருக்கு?"ன்னு கேட்டான். ஒவ்வொரு தடவையும் கேப்பான். அன்னைக்கும் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போ"ன்னேன்.

அதுதான் என்னோட ஈ.

இன்னைக்கு அவன் காது தொறந்துதான் கெடந்துச்சு. பாத்திகள்ல? நானும் கை செவக்கத் தட்டியாச்சு. கேட்டுருக்குமான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதிக. இந்தா, காப்பி வந்துட்டுது. எடுத்துக்கிடுங்க.